பேப்பரில் வராத போர்வெல்

சோதனைக் கூடத்தில் தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். பத்திரிகையில் அதையே எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

ஓசூரில் ஒரு தண்ணீர் சோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். பத்தாவதோடு நின்றவன். முதல் நாலு வருடம் குடுவை கழுவினேன். பிறகு சோதனை கற்றேன். ஓய்வுக்குப் பின் உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் அறிவியல் செய்தி எழுதச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு வேலையில் தலை நரைத்து, இன்னொரு வேலையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் நீங்களும் என்றால் என் பாடு புரியும்.

ஐம்பத்தெட்டாவது வரி

முதல் கட்டுரை, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது ஏன் என்பது. பாட்டிலை எத்தனை முறை கழுவினேன், தண்ணீரை எத்தனை மணிக்குப் பிடித்தேன் என்று வரிசை தப்பாமல் எழுதினேன். மொத்தம் அறுபத்திரண்டு வரி. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்பது ஐம்பத்தெட்டாவது வரியில் வந்தது.

பத்திரிகை ஆசிரியை சுஜாதாவுக்கு என் மகள் வயது. முழுவதும் படித்துவிட்டுச் சொன்னார்: "சார், ஐம்பத்தெட்டாவது வரி வரைக்கும் வர்ற ஆளு ஊர்லயே ரெண்டு பேருதான். நீங்க எழுதுனவரு, நான் சம்பளத்துக்குப் படிக்கிறவ."

மூன்று பஸ்

கட்டுரையில் மனிதர்களே இல்லை, நாலு பேரிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினார். எனக்குக் கூச்சம். முப்பத்தோரு வருடம் தண்ணீரோடு இருந்தவன். தண்ணீர் திருப்பிக் கேள்வி கேட்காது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். மூன்று பஸ் போயின. ஒருவரையும் கேட்கவில்லை.

கடைசியில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் தானே வந்து விசாரித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. விஷயத்தைச் சொன்னேன். ஹாஸ்டல் தண்ணீரில் தலை குளித்தால் முடி சிக்குப் பிடிப்பது முதல் சோறு வேகாதது வரை கொட்டினாள். பஸ் படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "மூணு பஸ்ஸா இதையா கேக்க நின்னிய? நான் பாவம் பெரியவரு பஸ்ஸ விட்டுட்டாருன்னுல்லா நெனச்சேன்!"

முனியப்பன் போர்வெல்

மத்தூரைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து முனியப்பன் என்ற விவசாயி வந்தார். ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை விழுகிறது, தண்ணீரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அவர் போர்வெல்லில் மூன்று பாட்டில் பிடித்து, பழைய இடத்தில் அனுமதி கேட்டுச் சோதித்தேன். மூன்றும் ஒன்றையே சொல்லின: ஃபுளோரைடு அளவுக்கு மேல், குடிக்கக் கூடாது. அவர் சம்மதத்தோடு, யாருடைய போர்வெல், எந்தப் பக்கம் என்று எல்லாம் சரியாக எழுதினேன். பதினெட்டு வரி.

பத்திரிகை வந்த அன்று முனியப்பன் போன் செய்தார்: "ஒரு எழுத்துத் தப்பில்லீங்க சார். மோட்டார் ரூமுக்கு என்ன கலருன்னு மட்டுந்தான் எழுதல."

லட்சுமம்மா போர்வெல்

மூன்று வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். முனியப்பன் போர்வெல்லில் ஒரு குடம் இல்லை. நாலு வயல் தள்ளி, லட்சுமம்மா என்பவரின் போர்வெல்லில் இருபத்தாறு குடங்கள். அதுவரை வயலுக்கு மட்டும் ஓடிய தண்ணீரை எல்லோருக்கும் இலவசமாக விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஏழு வயது மகள் மோட்டார்க் குழாயில் வாய் வைத்துக் குடித்தாள். இந்தத் தண்ணீர் நல்லது என்று யார் சொன்னது என்றேன். "நீங்கதான் சார். பேப்பர்ல அவருது மட்டுந்தானே கெட்டதுன்னு போட்டீங்க?"

சோதனைக் கூடத்தில் எழுதாதது என்றால் சோதிக்காதது. பத்திரிகையில் எழுதாதது என்றால் நல்லது. இது எனக்கு அன்றுவரை தெரியாது. மூன்று பாட்டில் பிடித்து வந்தேன். முனியப்பனுடையதை விட மோசம்.

அச்சுக்குக் காத்திராமல் மறுநாளே போய்ச் சொன்னேன். லட்சுமம்மா முதலில் மகளிடம் ஓடி, குடிக்காதே என்று தெலுங்கில், "தாகொத்து!" என அதட்டி, கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக் கவிழ்த்தார். பிறகு என்னிடம் வந்தார். "கெட்ட தண்ணியிலிருந்து அதைவிடக் கெட்ட தண்ணிக்கு எங்கள அனுப்பிட்டீங்களே சார்! இருக்கறதும் ஒரே பாப்பா. அவ பல்லுக்கு என்ன சொல்றீங்க?"

பதினொன்று

கறை மெதுவாக வருவது, மூன்று வாரத்தில் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. அந்த ஊரின் பதினொரு போர்வெல்லிலும் தண்ணீர் பிடித்தேன். நாலு நாள், முப்பத்து மூன்று பாட்டில். இரண்டு மட்டும் தேறின. முதல் வரியில் அந்த இரண்டும் எங்கே என்று எழுதினேன். இரண்டாவது வரியில், போன கட்டுரையில் நான் செய்த தவறு. சுஜாதா எதையும் அடிக்கவில்லை.

பத்திரிகை வந்த அன்று காலை ஏழு மணிக்கு லட்சுமம்மா போன் செய்தார். கோபம் இல்லை, குரலில் அவசரம்தான் இருந்தது. பாப்பாவுக்கு இப்போது பள்ளிக்கூடத்துப் பக்கத்து போர்வெல்லில்தான் தண்ணீர் எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "பதினொண்ணும் போட்டிருக்கீங்க, சரி. மேலே பெரிய டேங்க் ஒண்ணு இருக்குதே, அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே சார். அது நல்லதா, இல்ல நீங்க பாக்கலையா?"

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு போலவே இன்றும் நான் பாட்டில்தான் கழுவுகிறேன். எதைக் கழுவாமல் விட்டேன் என்று கேட்க அப்போது ஒரு மேலதிகாரி இருந்தார், இப்போது ஒரு ஊரே இருக்கிறது.