அந்தோனியாரிடம் போன ஹங்கேரி ராஜா

போன வாரம் கைப்பேசியில் எதையோ தேடப் போக, விற்பனைக்கு வைத்திருந்த பழைய நாணயங்களுக்கு நடுவில் ஒரு முகம் வந்து நின்றது. மகுடம், தாடி. பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நீங்கள் சிரிப்பீர்கள், ஹங்கேரி ராஜா ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பீடத்தில், மாதாவுக்குப் பக்கத்தில், ஒரு வருஷம் இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டிரைவர். அங்கே வந்த ஹங்கேரி விஞ்ஞானிக்குச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டியதற்கு, ஊருக்குக் கிளம்பும்போது அவர் கொடுத்தது அந்த வெள்ளிக்காசு. லாஸ்லோ என்கிற பழங்காலத்து ராஜாவாம். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததன் நினைவாக அடித்தது. புனிதர் என்று காதில் விழுந்ததுமே அம்மா காசை வாங்கிப் பீடத்தில் வைத்துவிட்டார். லாஸ்லோவார் என்று பெயரும் ஆயிற்று. நான் அட்லஸில் ஹங்கேரியை ஆப்பிரிக்கா பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது நான் பார்த்த ஜெராக்ஸ் கடை வேலைக்கு அந்த அறிவு போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம்தான் தங்கை ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வந்து பார்வை மங்க ஆரம்பித்தது. ஒன்பது வயது. நரம்பு பட்டுப்போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா காலையும் மாலையும் காசை அவள் கண்ணில் ஒற்றி எடுப்பார். அவள் அதை வாங்கி விரலால் தடவி, "தாடி இருக்கும்மா" என்பாள். இருட்டு என்னவோ கூடிக்கொண்டேதான் போனது.

கடைசியில், தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று அந்தோனியார் கோயிலுக்கு வெள்ளிக் கண் செய்து போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டார். வீட்டில் இருந்த வெள்ளி லாஸ்லோவார் மட்டும்தான்.

"புனிதரையே உருக்கப் போறியா? பாவம்டி" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருக்கீகளா? அவரும் நம்ம புள்ளைக்காகக் கண்ணாப் போகட்டும். அங்குட்டுப் போயி அந்தோனியாருகிட்ட அவரே எடுத்துச் சொல்லுவாரு."

வேறு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன். அன்றைக்கு நானும் அதை நம்பினேன். நம்ப வேறு எதுவும் மிச்சமில்லை.

ஆசாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாயி, ராசா மொகம் இருக்கே. உருக்கிரவா?"

அம்மா தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடி முதலில் போனது. மகுடம் கொஞ்ச நேரம் தாங்கியது.

கோயிலில் காணிக்கையாக வைக்கும் முன் அந்த வெள்ளிக் கண்களை அம்மா ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார். அவள் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ராசா எங்கம்மா?"

அம்மா அவள் கையிலிருந்து கண்களை வாங்கிக் காணிக்கைத் தட்டில் வைத்தார். அந்தக் கேள்வியை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

பார்வை வரவில்லை. அடுத்த கோடைக்குள் வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிற்று. சாவி தொலைந்தாலே "அந்தோனியாரே" என்று தெருவுக்குக் கேட்கும்படி கூப்பிடுகிற அம்மா, அதன்பிறகு யாரையும் கூப்பிடவில்லை. எது தொலைந்தாலும் பேசாமல் குனிந்து தானே தேடுவார். கிடைக்காவிட்டால் விட்டுவிடுவார்.