பின்னால் பார்த்த கொக்குகள்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. தம்பி அன்ரோ லீவில் வந்து நின்றுவிட்டு இராணுவ முகாமுக்குத் திரும்பிவிட்டான். வீட்டில் நானும் தையல் மெசினும்தான்.

அம்மாவின் பெயர் மக்டலின். கல்குடாவில் பத்து வருடமாக, பக்கத்து முகாமின் சீருடைகளுக்குப் படைப்பிரிவுச் சின்னம் தைத்தவர். பச்சை வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கொக்கு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. எந்தக் கையானாலும் அலகு முன்பக்கம் பார்க்க வேண்டும். பின்னால் பார்த்தால் களத்தை விட்டு ஓடுகிறது என்று பொருள்.

பின்னேரங்களில் வீட்டருகே உள்ள வாவியின் வெளிச்சம் கூரையில் நெளியும். அப்போது மேசையில் கிடக்கும் கொக்குகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல இருக்கும். அம்மா மெசினை நிறுத்திவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சண்டைக் காலத்தில் மாங்கேணிக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அன்ரோ அப்போது கைக்குழந்தை. வளர்ந்து, அம்மா சின்னம் தைத்த அந்தப் படைப்பிரிவிலேயே சேர்ந்தான். முதல் முறையாக அவன் வடக்குக்குப் புறப்படவிருந்த காலையில், அம்மா சின்னம் தைத்த சீருடைச் சட்டையைக் கொடுத்தார். அவன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான்.

"அக்கா, இந்தக் கூத்த வந்து பாருங்க!"

இரண்டு கொக்குகளும் முதுகுப் பக்கம் பார்த்தன.

"ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் சரியாத் தச்சீங்க. எனக்கு மட்டும் இடம் வலம் மாறிப்போச்சோ, அம்மா?"

"மாறல்ல."

"சார்ஜன்ட் கண்டா மைதானம் முழுக்க ஓட வைப்பார். பயந்து ஓடுறவன் எண்டு அர்த்தம்."

"எனக்கு அப்பிடித் தெரியல்ல, மகன். அதுகள் வீட்டப் பாக்குதுகள்."

அன்ரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

"இப்பிடித் தச்சா நான் போகமாட்டன் எண்டு நினைச்சீங்களா?"

"நிப்பியா?"

"இல்லம்மா."

அம்மா கையை நீட்டினார். "கழட்டித் தா."

பஸ்சுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. பிளேடால் நூலை வெட்டி, சின்னங்களைக் கைமாற்றி வைத்து, இம்முறை கையாலேயே தைத்தார். பழைய ஊசித் துளைகளை ஈர நகத்தால் தேய்த்தார். சில மூடின.

அவன் மறுபடியும் போட்டுக்கொண்டு அவருக்கு நேரே நின்றான். அம்மா இரண்டு தோள்களையும் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"முன்னுக்கு நிண்டா என்னத்தான் பாக்குதுகள்," என்றார்.

பஸ் நிற்குமிடம் வரைக்கும் அம்மா அவனுக்கு முன்னால் நடந்தார்.