டயர்ச் செருப்பு

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது, வழியில் கை காட்டிய பெரியவரைக் காரில் ஏற்றிக்கொண்டேன். முள்ளுக்குறிச்சியில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். ஒல்லியான உடம்பு, மடியில் ஒரு மிளகுப் பை. ஏறுவதற்கு முன் டயரில் தைத்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஊட்டுக்குள்ளயும் வண்டிக்குள்ளயும் செருப்புப் போட மாட்டனுங்க."

சில வளைவுகள் இறங்கியதும் ரப்பர் கருகும் வாடை மூக்கில் ஏறியது. "என்ன இது, ரப்பர் நாத்தம்?" என்றேன். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. செருப்பைச் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். முன்சக்கரத்தில் அனல் அடித்தது.

"உங்க செருப்பு இல்லீங்க. இறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்ததுல பிரேக் சூடாயிடுச்சு. ஆறினதும் ரெண்டாவது கியர்லயே மெதுவா இறங்கிடலாம்."

அவர் தோள்துண்டை எடுத்துச் சக்கரத்துக்கு விசிறினார். "சுட்டுப்போச்சா சாமி?" என்று அதனிடமே கேட்டார்.

வாடை அடங்கிக் கிளம்பிய பிறகும் செருப்பு ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. "உள்ள வைங்க" என்றேன்.

"மறுக்கா நாறுனா, பிரேக்கா செருப்பான்னு உங்களுக்குத் தெரியாதுங்களே."

முள்ளுக்குறிச்சியில் அவர் இறங்கியபோது கையில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கீங்க?"

"மேல ஒரு வளைவுல நழுவி உழுந்துருச்சுங்க."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

"நிறுத்தோணும்னா பிரேக்கை மிதிக்கோணுமுங்களே. அது இப்பத்தான் ஆறுச்சு."

சிரித்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். இன்றும் எந்த மலையில் இறங்கினாலும், பிரேக்கில் கால் வைக்கும்போது இடது ஜன்னலை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.