பதினேழாம் எண் துணியில் மஞ்சள்

பக்கத்து வீட்டு அம்மாள் இளமையில் ஆஸ்திரேலியாவுக்காகக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கியவர். எழுபதைத் தாண்டியும் எங்கள் வென்ட்வேர்த்வில் தெருவில் என்னைவிட வேகமாக நடப்பார். பந்தயத்தன்று சட்டைக்குமேல் மாட்டியிருந்த வெள்ளைத் துணி ஒன்றுதான் அவரிடம் மிஞ்சிய நினைவுப்பொருள். நடுவில் பெரிதாகப் பதினேழு என்று எண் போட்டிருக்கும். தீபாவளிக்கு மறுநாள் நூலகத்தில் அதைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள், பக்கத்து நாடா அறுந்திருக்கிறது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மெல்லிய தாளில் சுற்றி, பச்சைப்பிள்ளையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார்.

தைத்து, இஸ்திரி போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அங்கேதான் எங்கள் தீபாவளிப் புதுத்துணிகளும் இருந்தன. என் புத்தி அப்படி.

என் கணவருக்கு வீட்டு வேலை எதிலும் அவசரம் கிடையாது. இதில் மட்டும் சூரர். தீபாவளி காலையில் குளித்துவிட்டு மஞ்சளைக் குழைத்து, புடவை, வேட்டி, சட்டை என்று ஒவ்வொன்றின் மூலையிலும் வைத்துக்கொண்டே போனவர், பதினேழுக்கும் வைத்துவிட்டார். நல்ல தாராளமான பொட்டு.

"இது யாருக்கு எடுத்தே? நம்பர்லாம் போட்டு நல்லாருக்கே" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் அது யாருடைய துணி என்று உறைத்தது. ஓடிப்போய் சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த வெளுப்பு துணிக்கு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எலுமிச்சை பிழிந்தேன். மறுபடியும் மஞ்சள்.

"வெயில்ல போட்டா போயிடும்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் அவ்வளவு பயபக்தியோடு கேட்டதில்லை.

கொல்லையில் துணி உலர்த்தும் சுழலும் கொடி இருக்கிறது. நிழல் விழ விழ அதைத் திருப்பிக்கொண்டே இருந்தோம். நான் பட்டுப்புடவையில், அவர் சரிகை வேட்டியில், இருவர் வாயிலும் அதிரசம். மதுரையிலிருந்து வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர்களிடம், "ஆமா, இங்க நல்ல வெயில், ரொம்ப சந்தோஷம்" என்று அவர் உருக்கமாகச் சொன்னதைக் கேட்டு நான் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விலா வலிக்கச் சிரித்தேன். ஆனாலும் அம்மாள் துணியைக் கொடுத்த அந்த இரண்டு கைகள் நினைவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து கொடியைத் திருப்பினேன்.

மாலையில் அம்மாள் வந்தபோது, கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு மஞ்சள் மங்கியிருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் அந்த மூலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எதற்காக வைப்பீர்கள் என்று கேட்டார்.

உடுத்துகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாமலிருக்க என்று என் கணவர் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அம்மாள், இதைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வளைவிலேயே விழுந்து காலை முறித்துக்கொண்டதாகவும், அதன்பிறகு பந்தயமே கிடையாது என்றும் சொன்னார். என் கணவரைப் பார்த்து, நீ ஐம்பது வருஷம் தாமதமாக வந்திருக்கிறாய் என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் தாங்கவில்லை.

போகும்போது வாசலில் நின்றார். நாளைக்கு நூலகத்துக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை வாங்கியிருப்பதாகச் சொல்லி, பையிலிருந்து அதை எடுத்து, இரண்டு கையாலும் என் கணவரிடம் நீட்டினார்.