டிஸ்க் என்று சொல்லிவைத்தோம்

பிற்பகல் இரண்டு நாற்பது. மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில் நான் முதலில் பார்த்தது, நடைவழியின் நடுவே கிடந்த அக்காவின் இடது செருப்பு. அதைத் தாண்டிப் பத்தடி தள்ளி, அத்தானின் கையைப் பிடித்தபடி அவள் நடந்துகொண்டிருந்தாள். செருப்பு கழன்றது அவளுக்குத் தெரியவில்லை.

குணமாகிவிட்டது என்று நம்பியிருந்த மார்பகப் புற்றுநோய் அக்காவின் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. அவளிடம் சொல்ல வேண்டாமென்று அத்தான் மருத்துவரிடம் கெஞ்சினார். ஈசூன் வட்டாரத்தில் இருந்த வீட்டில் கூடிப் பேசி, முதுகில் டிஸ்க் நழுவியிருக்கிறது என்று சொல்ல முடிவு செய்தோம். நானும் தலையாட்டினேன். கால் மரத்துப்போனால் உடனே அவசரப் பிரிவுக்கு வரும்படி மருத்துவமனை ஒரு துண்டுத்தாள் கொடுத்திருந்தது. அதில் புற்றுநோய் என்ற சொல் இருந்ததால் அத்தான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பொய்க்குப் பொருத்தமாக, எண்ணெய் தேய்த்துவிட அவளை லிட்டில் இந்தியாவிலுள்ள ஒரு வைத்தியரிடமும் கூட்டிப்போனார். இதற்கெல்லாம் அன்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

அன்று முதல்முறையாக அவளைப் பார்த்த அறுவை மருத்துவர், கால் மரத்துப்போய் எத்தனை நாள் என்று கேட்டார்.

"மூணு வாரம் இருக்கும் டாக்டர். டிஸ்க்னா அப்படித்தான் இருக்கும்னு இவருதான் சொன்னாரு," என்றாள் அக்கா.

"டிஸ்க்கா?" என்று அவர் கோப்பைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

அவர் அக்காவிடமே எல்லாவற்றையும் சொன்னார். வழி இரண்டு. நாளையே அறுவை செய்து நரம்புத்தண்டின் மீதுள்ள அழுத்தத்தை நீக்கி, பிறகு கதிர்வீச்சு கொடுக்கலாம். அல்லது கதிர்வீச்சு மட்டும். முதலாவது உடம்பை வாட்டும். இரண்டாவதில் நடை போய்விடக்கூடும். முன்பே வந்திருந்தால் நிலைமை வேறு.

"டாக்டர், நாங்க வெளிய போய் டிஸ்கஸ் பண்ணிட்டு வர்றோம்," என்று அக்காவின் மகன் எழுந்தான்.

"யார் முதுகுடா அது, உங்கப்பாவோடதா? உக்காரு லா," என்றாள் அக்கா.

"நீ பயந்துடுவேன்னுதான்மா..." என்றார் அத்தான்.

"பயந்தது நீங்க. எண்ணெய் தேச்சது எனக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, பேப்பர்ல வேலை பாத்தவதானே நீ? ஊர்ல நடந்ததெல்லாம் எழுதுன. இது மட்டும் நியூஸாத் தெரியலையா?"



மருத்துவரிடம் அவள் ஒன்றுதான் கேட்டாள். "ஆப்பரேஷன் பண்ணா டாய்லெட்டுக்கு நானே போவேனா?"

வாய்ப்பு கூடுதல், உறுதி சொல்ல முடியாது என்றார். கையெழுத்துப் போட அவள் பேனா கேட்டாள்.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் கால் விரல்களை அசைக்கச் சொன்னார்கள். வலது கால் விரல்கள் அசைந்தன. இடது கால் விரல்கள் அசையவில்லை.