மெகருன்னிஸா மேடமும் முறிந்த போல்ட்டும்

பயிற்சிக்கூடத்தில் பழைய எஞ்சின் ஒன்றைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது திருப்பத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா காலையில மௌத்தாயிட்டாக சார். நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரிக்குக்கூட கொண்டுபோக முடியல" என்றார் மெகருன்னிஸா மேடத்தின் தம்பி. "சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருவீகளா?" நான்கு ஆண்டுகளாகப் போகத் துணியாத வீட்டுக்கு அன்றுதான் போனேன்.

விமானப் பராமரிப்புப் பொறியாளராகப் போகிறவர்களுக்கு எங்கள் காரைக்குடி நிறுவனத்தில் கணிதம் நடத்தியவர் அவர். நான் செய்முறை ஆசிரியர். வகுப்பில் அவர் சொல்வது, அவரிடம் படித்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: "விடை வந்துருச்சுன்னு பேனாவை மூடாதீக. அந்த விடையை நம்பி நீங்க பிளேன்ல ஏறி உக்காருவீகளான்னு பாருங்க."

ஒருநாள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து, "நான் எழுதுன கணக்கை என் கையால ஒருதரம் முறுக்கிப் பாக்கணும் சார்" என்றார். இறுக்கும் விசையை அளந்து வைக்கும் டார்க் ரெஞ்சில் எக்ஸ்டென்ஷன் மாட்டி நீளத்தைக் கூட்டினால், அளவைக் குறைத்து வைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு அவர் எழுதிய கையேட்டில் சூத்திரம் இருந்தது. அதன்படி வைத்து முறுக்கினார். போல்ட் முறிந்து கையோடு வந்தது. கையேட்டைப் புரட்டினார். பின்னம் தலைகீழாக அச்சாகியிருந்தது. அதைப் படித்த இரண்டு பேட்ச் மாணவர்கள் அதற்குள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"இது முறிஞ்சதால தெரிஞ்சுச்சு. முறியாம உள்ளுக்குள்ள கீறல் விட்டுருந்தா?" முறிந்த துண்டை என்னிடம் நீட்டினார் மேடம்.

"வேலை செய்யிற இடத்துல கம்பெனி புத்தகத்தைப் பாத்துத்தான் முறுக்குவாங்க. புதுசா அச்சடிச்சுக்குவோம். வெளிய சொல்லாதீங்க" என்றார், மேடம் போய்ச் சொன்னதும் நிறுவன நிர்வாகி.

"பாக்காத ஒருத்தர் இருந்தா?" என்று கேட்டுவிட்டு வந்தவர், அன்று மாலையே பழைய மாணவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைக்கத் தொடங்கினார். அவர் போன் செய்வது நிர்வாகத்துக்கு எட்டியது. விசாரணையில், "கையேட்டை யார் சரிபார்த்தது?" என்று கேட்டார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எழுதுனது நான்" என்றார் மேடம். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

பிறகு ஒரே ஒருமுறை என்னை அழைத்தார். "எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் சார். செந்தில்குமார் நம்பர் மட்டும் மாறிப்போச்சு. அங்குட்டு ஆபீஸ்ல அவர் விலாசம் இருக்கும். பாத்துச் சொல்றீகளா?" சொல்கிறேன் என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவருடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கூப்புடுவீகன்னு அக்கா ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தாக சார்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் முடிக்க முடியாமல் போன அந்த வேலைதான். ஆபீஸ் கோப்பிலிருந்து செந்தில்குமாரின் விலாசத்தை எடுத்துக்கொண்டு கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். வீடு பூட்டியிருக்கிறது. குடும்பமே வடக்கே எங்கோ போய்விட்டதாம்.

செந்தில்குமார், இது உங்கள் கண்ணில் பட்டால்: உங்களிடம் இருக்கும் கையேட்டில் அந்தச் சூத்திரம் தலைகீழாக இருக்கிறது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.