நிறம் மாறாத புட்டியும் எஸ்தரும்

மும்பை குர்லாவில் ரயில் மாறுவதற்காகப் படியேறிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நாங்கள் முன்பு வேலை பார்த்த செம்பூர் பரிசோதனைக்கூடத்தின் வாட்ஸப் குழுவில் எஸ்தரின் படம். அதன் கீழே எங்கள் பழைய மேனேஜர் எழுதியிருந்தார்: "மாரடைப்பால் காலமானார். என்றும் சிரித்த முகம். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். நம் குடும்பத்தில் ஒருவர்."

துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. எஸ்தர் குரல் உயர்த்தியிருக்கிறாள். அந்த மேனேஜரிடமேதான் உயர்த்தினாள். பக்கத்து மேசையில் நான் இருந்தேன். அவளை அறிந்த உங்களில் பலருக்கு அவள் அங்கிருந்து எப்படி வெளியே வந்தாள் என்பது தெரியாது. இரங்கல் செய்திகள் அதை மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

எஸ்தர் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு எங்கள் கூடத்தில் சேர்ந்தாள். நான் மாட்டுங்காக்காரி, வேதியியல் படித்தவள். தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் என் பொறுப்பு. உயிருள்ளவை எல்லாம் அவள் பொறுப்பு. மதியச் சாப்பாட்டில் என் சாம்பார் அவள் டப்பாவுக்குப் போகும், அவளுடைய மீன் குழம்பின் வாசனை என் பக்கத்துக்கும் வரும். "ஏட்டி கீதா, மூக்கப் பிடிச்சுக்கிட்டுத் தின்னு" என்பாள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடையில், குளுக்கோஸ் பானத்தைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் ஒருவர் மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். தாராவியில் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் போகிறது, சீக்கிரம் ரிப்போர்ட் வேண்டும் என்றார். எங்களிடம் இருந்தது தண்ணீருக்கான சோதனை. புட்டியில் மாதிரியை ஊற்றி, பொடியைக் கலந்து, ஒரு நாள் சூட்டில் வைப்போம். மலத்திலிருந்து வரும் கிருமிகள் இருந்தால், பால்சர்க்கரையைச் செரிப்பதற்காக அவை உண்டாக்கும் நொதி அந்தப் பொடியை உடைத்து மஞ்சள் நிறம் காட்டும். நிறம் வராவிட்டால் சுத்தம் என்று எழுதுவது வழக்கம்.

மறுநாள் காலை நிறம் வரவில்லை. மேனேஜர் ரிப்போர்ட் போடச் சொல்லிவிட்டார். எஸ்தர் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஏட்டி, இங்க வா. கலர் வரல, ஆனா எப்படிக் கலங்கிக் கிடக்குன்னு பாரு. உள்ள ஏதோ நல்லாத் தின்னு பெருத்திருக்கு."

"அப்ப ஏன் மஞ்சளாகல?"

"பால்சர்க்கரையச் செரிக்கிறதுக்கு இந்தக் கிருமிக்கு மூணு ஜீன் வரிசையா இருக்கு. மூணுக்கும் சேத்து ஒரே சுவிட்ச். அதத்தான் ஓபரான்னு சொல்லுதோம். பால்சர்க்கரை இல்லாதப்ப ஒரு புரதம் வந்து சுவிட்ச மறிச்சு உக்காந்துக்கிடும். வந்தா எந்திரிச்சு வழி விட்டுரும். நம்ம பொடியிலயும் பால்சர்க்கரை மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா குளுக்கோஸ் கையில இருக்க வரைக்கும் இது அந்த சுவிட்ச ஒழுங்காப் போடாது. வடிச்ச சோறு முன்னால இருக்கும்போது எவ போயி அடுப்பு பத்த வைப்பா? நாம குடுத்திருக்கது குளுக்கோஸ் தண்ணிட்டீ!"

அவள் மிச்சமிருந்த பானத்தை மெல்லிய வடிதாளில் வடித்தாள். தாளில் தங்கியதை, சர்க்கரை போகும்வரை கிருமி நீக்கிய உப்புநீரால் கழுவினாள். தாளைப் புதிய புட்டியில் சுத்தமான நீரோடும் பொடியோடும் போட்டாள். அடுத்த நாள் காலை அந்தப் புட்டி எலுமிச்சம்பழம் போல மஞ்சளாக நின்றது.

அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது டெஸ்ட் யாரு கேட்டா? பார்ட்டி ஒரு டெஸ்ட்டுக்குத்தான் ஆர்டர் குடுத்திருக்கான். மொதல்ல கலர் வரலல்ல, முடிஞ்சுது. காலிபீலி, சும்மா டென்ஷன் பண்ணாத."

"சார், இதக் குடிக்கப் போறது பிள்ளைங்க! வெயில்ல ஓடிட்டு வந்து குடிக்கப் போற பிள்ளைங்க! கண்ண முழிச்சு இந்தப் புட்டியப் பாருங்க சார்!"

கூடம் முழுக்கக் கேட்டது. எஸ்தர் கையெழுத்துப் போட மறுத்தாள். மேனேஜரே போட்டு அனுப்பினார். நானும் உள்ளே போய், அவள் சொல்வது சரி என்றேன். "நீ உன் உப்பப் பாரு" என்றார்.

அன்று மாலை அவள் நேராகப் பள்ளிக்குப் போய் விளையாட்டு ஆசிரியரைப் பிடித்தாள். பாக்கெட்டுகள் ஏற்கெனவே வந்து அடுக்கியிருந்தன. கூடவே ரிப்போர்ட்டும். நடந்ததை அந்த ஆசிரியரே பிறகு என்னிடம் சொன்னார்.

"க்ளீன்னு வந்திருக்கே மேடம்?"

"அதுல என் பேரு இருக்கா, பாருங்க."

"இல்லையே."

"கிருமி டெஸ்ட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவ நான். ஏன் போடலன்னு கேளுங்க."

அவர் கேட்டார். கேட்டுவிட்டுப் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பினார். எஸ்தர் பேச்சை மதித்த அந்த மனிதருக்கு இங்கே ஒரு வணக்கம்.

அடுத்த வாரம் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே சொன்னாளாம். "யாருக்கு என்ன ஆயிடுச்சு? ஒரு பிள்ளைக்காவது வயித்துவலி வந்துச்சா?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு பிள்ளையாவது ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தால் அவள் சொன்னது உண்மையென்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். யாரும் படுக்கவில்லை என்பதே அவள் குற்றமாகிவிட்டது. சில மாதங்களில் அதே கூடத்தில், இனிப்புப் பானம் எது வந்தாலும் வடித்துக் கழுவித்தான் சோதிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மற்ற கூடங்களில் "பிரச்சினை பண்ணுகிறவள்" என்று அவளைப் பற்றி முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். கடைசியில் பாண்டுப்பில் ஒரு சின்ன கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் வேலைதான் கிடைத்தது. பாக்டீரியா எந்தச் சர்க்கரைக்கு எந்த ஜீனைத் திறக்கும் என்று யோசித்து யோசித்துச் சந்தோஷப்பட்ட ஒருத்திக்கு இதுதான் கிடைத்தது.

போன தீபாவளிக்கு முன்னால் மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். எப்படி இருக்கிறாய் என்றேன்.

"இன்னமும் எல்லாரும் வேல போச்சே, வேல போச்சேன்னுதான் கேக்காங்க. அந்தப் பிள்ளைங்க குடிக்கலைல்லா, அத ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க" என்றாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, முற்றிய காயைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிள்ளைகளைத்தான். வெயிலில் ஓடி முடித்து, குழாயில் வாய் வைத்துக் குடித்து, சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் வழக்கம்போலப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள். இப்போது அவர்கள் பெரியவர்களாகியிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவள் யாரென்று தெரியாது.